படத்துக்கு என்ன விலை?

உங்கள் வீட்டில் படம் போடுகிற பெண் ஒருத்தி இருக்கிறாளா? இருந்தால் இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதல்ல. விருந்தாளி வருகிறார். சுவரில் மாட்டியிருக்கும் சித்திரத்தைப் பார்க்கிறார். "அடடே, கையிலே சரஸ்வதி குடியிருக்காளே!" என்கிறார். அடுத்த வாய் காபி குடித்ததும், "எங்க பேரனை இப்படி ஒண்ணு போட்டுக் கொடேன், கண்ணு" என்கிறார். சரஸ்வதி குடியிருப்பது எல்லாருக்கும் தெரிகிறது. அவளுக்குச் சோறு போடுவது யார் என்றுதான் ஒருவரும் விசாரிப்பதில்லை.

நான் படம் போடுகிறவள் அல்ல, சகோதரிகளே. ரவிக்கை தைக்கிறவள். செம்பரம்பாக்கத்தில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஒரு மெஷின், ஒரு கண்ணாடி, சுவரில் ஓர் அட்டை. அந்த அட்டையில் சாதா ரவிக்கை இவ்வளவு, லைனிங் இவ்வளவு, பைப்பிங் இவ்வளவு என்று எழுதியிருக்கும். பதினெட்டு வருஷமாக அந்த அட்டை தொங்குகிறது. தொகை மட்டும் மாறும். அட்டையைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. "தையல்தானே, சும்மா தைத்துக் கொடேன்" என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. என் பெண்ணிடம் மட்டும் ஊரே சும்மா கேட்டது!

செம்பரம்பாக்கம் என்றதும் உங்களுக்கு ஏரிதான் ஞாபகம் வரும். 24 அடி ஏரி நிரம்பினால் பத்திரிகையில் போடுவார்கள். நீங்கள் சென்னையில் குழாயைத் திறக்கும்போது எங்கள் ஊர்த் தண்ணீரும் அதில் கலந்து வருகிறது. ஆனால் எங்கள் தெருவில் பொழுது விடிவது ஏரியால் அல்ல, கம்பெனி பஸ்ஸால். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போகும். அதில் பாதி இருபது வயதுப் பெண்கள். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தூக்கம் கலையாத கண்ணோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பார்கள். மாதம் பிறந்தால் சம்பளம். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்தப் பெண்கள் தைக்கக் கொடுக்கும் துணியில்தான் எங்கள் வீட்டுப் பால் கணக்கு தீர்கிறது.

என் பெண் எதிர்த் திசையில் போகிறாள். பூவிருந்தவல்லியில் பஸ் மாறி எழும்பூருக்கு, அரசு கவின் கலைக் கல்லூரிக்கு. எங்கள் ஊர் வழியாகப் போகும் பெங்களூர் ரஸ்தாவேதான் அந்தப் பக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலை என்ற பெயரில் கல்லூரி வாசலைத் தொடுகிறது. ஒரே சாலைக்கு இந்தப் பக்கம் தொழிற்சாலை, அந்தப் பக்கம் சித்திரம்.

அந்தக் கல்லூரியின் கதை சுவாரஸ்யமானது. 1850-ம் வருஷம் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற வைத்தியர் ஆரம்பித்த பள்ளிக்கூடம் அது. கலையும் சாமானும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருந்தன. நம் சமையலறையில் அலுமினியப் பாத்திரம் வந்ததே, அதற்கும் அந்தக் கூரைக்கும் சம்பந்தம் உண்டு. 1898-ல் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் அங்கேதான் அலுமினியத்தில் பாத்திரம் செய்து பார்க்கும் வேலையைத் தொடங்கினார். பிற்காலத்தில் கே. சி. எஸ். பணிக்கர் முதல்வராக இருந்தபோது, படித்து முடித்த பிள்ளைகள் ஓவியத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது என்பதைக் கண்டார். பாத்திக் துணி முதலான கைவேலைகளைச் செய்து விற்றுச் சாப்பாட்டுக்கு வழி தேடிக்கொண்டு, மிச்ச நேரத்தில் மனத்துக்குப் பிடித்த ஓவியம் தீட்டலாம் என்பது ஏற்பாடு. அப்படிச் சம்பாதித்த பணமும் சேர்ந்துதான் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உண்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் போகிறவர்கள் வழியில் இறங்கிப் பாருங்கள். பெரிய பெரிய ஓவியர்கள் துணிக்குச் சாயம் போட்டு விலை சொல்லி விற்றவர்கள்தாம்.

இதையெல்லாம் என்னிடம் சொன்னவள் என் பெண். சொல்லத் தெரிந்ததே தவிர, தன் படத்துக்கு விலை சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

முதல் படம் எங்கள் தெருக்கோடி வீட்டுக்கு. கல்யாண நாளுக்குத் தம்பதியின் படம், பென்சிலில். ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து போட்டாள். அந்த அம்மாள், "எவ்வளவு வேணும்?" என்று கேட்டதும், இவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்க இஷ்டம், அத்தை" என்றாள். இஷ்டம் முந்நூறு ரூபாயாக வந்தது. மறுநாள் அதே படத்தைப் பூவிருந்தவல்லியில் கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்துக்கொண்டு வந்து காட்டினார்கள். சட்டத்துக்கு 450 ரூபாய்! கடைக்காரர் இருபது நிமிஷத்தில் அடித்துக் கொடுத்தாராம். "என்ன பளபளப்பு பாருங்க!" என்று சட்டத்தைத் தடவித் தடவிக் காட்டினார் அந்த அம்மாள்.

என் பெண் அன்று இரவு சாப்பிடவில்லை.

இதிலே இன்னொரு சங்கடமும் இருந்தது. அவள் வரைவதற்கென்று ஒரு டாப்லெட் தவணையில் வாங்கியிருந்தோம். மாதம் 2,100 ரூபாய். என் வீட்டுக்காரர் கொடுமைக்காரர் அல்ல. இரவு ஷிப்ட் முடித்து வந்து அவள் படத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறவர். ஆனால் கணக்குக்காரர். "மார்ச் வரைக்கும் பார்ப்போம். தவணை அவ படத்திலேருந்து வந்தா சரி. இல்லேன்னா கம்பெனி பஸ் வாசல்லயே நிக்குது" என்று சொல்லிவிட்டார். மூன்றாம் வருஷம் படிக்கும் பெண். இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி. நான் எந்தப் பக்கமும் பேசவில்லை. பேசாமல் என் கணக்கு நோட்டை எடுத்து அவள் முன் வைத்தேன்.

நோட்டில் என்ன இருந்தது என்கிறீர்களா? லைனிங் ரவிக்கைக்கு நான் வாங்குவது 450 ரூபாய். லைனிங் துணி, நூல், கொக்கி எல்லாம் 90 போனால் 360. வெட்டுவது முதல் கொக்கி கட்டுவது வரை மூன்று மணி நேரம். ஆகவே என் கைக்கு மணிக்கு 120 ரூபாய். "உன் கைக்கு என்ன ஆச்சு, நீயே போட்டுப் பார்" என்றேன். முந்நூறை ஒன்பதால் வகுத்தாள். 33 ரூபாய் வந்தது. அதிலும் தாள், பென்சில் கணக்கு இன்னும் கழிக்கவில்லை.

"அம்மா, படமும் ரவிக்கையும் ஒண்ணா?" என்று கேட்டாள். கொஞ்சம் கோபமாகத்தான்.

ஒன்றல்ல. ரவிக்கை கையை இறுக்கினால் பிரித்துத் தைக்கலாம். மூக்கு கோணிப்போன படத்தை என்ன செய்வது? ஆனாலும் மணி என்பது இரண்டுக்கும் அறுபது நிமிஷம்தானே?

அன்றிலிருந்து அவளும் ஒரு நோட்டுப் போட்டாள். உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் எல்லாம் எழுதினாள். ஒரு வாரத்தில் எங்கள் இருவருக்குமே ஆச்சரியமான ஒரு சங்கதி தெரிந்தது. படம் போடுகிற நேரம் மட்டும் நேரம் அல்ல! போட்டோ மங்கல் என்று வேறு அனுப்பச் சொல்வது, "மாமாவுக்குத் தலைமுடி கொஞ்சம் சேர்த்துப் போடு" என்ற திருத்தம், "கொடியிலே காயப்போட்ட துணி தெரியுது, அதை எடுத்துடு" என்ற மறு திருத்தம், கொண்டுபோய்க் கொடுப்பது என்று ஒரு படத்துக்கு ஒன்றரை மணி போகிறது. நாமும் சமையலுக்கு ஆகும் நேரம் என்றால் அடுப்புப் பற்றவைத்ததிலிருந்துதானே எண்ணுகிறோம்? காய் நறுக்கினதும் பாத்திரம் தேய்த்ததும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ஒன்பது மணிக்கு 1,080. ஒன்றரை மணிக்கு 180. தாள், பென்சில், படம் கலையாமல் மேலே தெளிக்கும் மருந்து எல்லாம் 70. சாமான்களின் தேய்மானம் 20. கூட்டினால் 1,350 ரூபாய். இந்தத் தொகையை எழுதிவிட்டு அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்ல வேண்டுமே!

சொல்வதற்கு ஒத்திகை நடந்தது, சிரிக்காதீர்கள். நான் வாடிக்கைக்காரியாக வந்து உட்கார்ந்தேன். "என்னம்மா, ஒரு படத்துக்கு எவ்வளவு?" என்றேன். "ஆயிரத்து முந்நூத்தம்பது, ஆனா..." என்று இழுத்தாள். "அந்த 'ஆனா'வை எடு" என்றேன். நான்கு தடவை சொன்ன பிறகு 'ஆனா' போயிற்று. தொகையைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு நிமிஷ மௌனத்தைத் தாங்குவதுதான் கஷ்டம். விலை கேட்டுவிட்டு வாடிக்கைக்காரர் யோசிக்கும்போது நாமே அவசரப்பட்டு ஐம்பது, நூறு என்று குறைத்துவிடுகிறோம். அவர் யோசித்தது பீரோச் சாவி எங்கே என்பதாகக்கூட இருக்கலாம்!

பாதிப் பணம் முன்பணம். இரண்டு திருத்தம் இனாம், மூன்றாவதற்குத் தனிக் காசு. நாளைக்கே வேண்டும் என்றால் கால் பங்கு கூடுதல்; தீபாவளிக்கு முதல் வாரம் நான் வாங்குகிறேனே, அதைப் போல. சொந்தக்காரர் விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் தர்க்கம். பாதி விலை போடலாம் என்றாள் அவள். எனக்கு அதில் சம்மதமில்லை. இனாமாகக் கொடுப்பதானால் முழு இனாமாக, தாம்பூலத்தோடு வைத்துக் கொடு. விலை என்றால் முழு விலை சொல். பாதி விலைக்குக் கொடுத்தால் கொடுத்தவளுக்கும் திருப்தி இல்லை, வாங்கினவருக்கும் கடன்பட்ட உணர்ச்சி இல்லை. இது என் அபிப்பிராயம். உங்கள் நாத்தனார் வேறு மாதிரி இருக்கலாம்.

பலன் என்ன தெரியுமா? அடுத்த இரண்டு மாதத்தில் பத்துப் பேர் கேட்டார்கள். ஆறு பேர் தொகையைக் கேட்டதும், "சொல்லி அனுப்பறோம்" என்று போய்விட்டார்கள். அன்று வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ஆனால் நின்ற நான்கு பேரிடமிருந்து வந்தது 5,400 ரூபாய். பத்துப் பேருக்கும் முந்நூறுக்குப் போட்டிருந்தால் மூவாயிரம்தான். நூற்றைந்து மணி நேரம் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருப்பாள். இப்போது நாற்பத்திரண்டு மணியோடு போயிற்று.

இதுவரை நான் சொன்னது என் தையல் புத்திக்கு எட்டிய கணக்கு. எட்டாதது ஒன்று ஜனவரியில் வந்து சேர்ந்தது.

மார்ச் 4-ம் தேதி தேசியப் பாதுகாப்பு தினம். 1966-ல் அந்தத் தேதியில் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் ஏற்பட்டது. 1972 முதல் கொண்டாடி வருகிறார்கள். எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் அது ஒரு திருவிழா. உறுதிமொழி, போட்டி, தொப்பி போட்ட பொம்மை, சுவரெங்கும் படம். உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனி, பெயர் எதற்கு, ஆறு படம் வேண்டும் என்று சொல்லி அனுப்பியது. கையுறை போடு, இயந்திரம் ஓடும்போது தொடாதே, கூந்தலை முடிந்துகொள் என்கிற மாதிரி. அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "ஏம்மா, ஆறு படத்துக்கு ஆறாயிரம் தரோம். அப்புறம் காலண்டர், டைரி, பனியன்லேயும் போட்டுக்குவோம். பணம் கொடுத்தா படம் எங்களோடதுதானே?" என்றாராம்.

அவள் நோட்டுக் கணக்குப்படி ஒரு படத்துக்கு 2,200 வந்தது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். பணம் கொடுத்தால் படம் அவர்களுடையதுதானா?

எனக்குத் தெரியவில்லை. ரவிக்கையைத் தைத்துக் கொடுத்தால் அது கட்டிக்கொள்கிறவளுடையது. அதை வைத்து அவள் ஆயிரம் ரவிக்கை அச்சடிக்க முடியாதே! பூவிருந்தவல்லிக் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் ஓர் அம்மாள் என்னிடம் துணி கொடுப்பவர். அளவு எடுக்கும்போது கேட்டேன். கையைத் தூக்கியபடியே சட்டத்தைச் சொன்னார். 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தில் 17-ம் பிரிவு என்று ஒன்று இருக்கிறதாம். ஒருவர் பணம் கொடுத்துச் சொல்லி ஓர் ஓவியமோ உருவப்படமோ போட்டால், வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், அதன் பதிப்புரிமை பணம் கொடுத்துச் சொன்னவருக்கே முதலில் போகுமாம்! கேட்டதும் என் கையிலிருந்த நாடா நழுவிற்று. "வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால்னுதானே சொன்னேன்? பேசிக்குங்க. பேச்சை எழுத்திலே வாங்குங்க" என்று சிரித்தார் வக்கீல் அம்மாள். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை காலம் என்று குறிக்காவிட்டால் ஐந்து வருஷம் என்று கொள்வார்களாம். எந்த இடம் என்று குறிக்காவிட்டால் இந்தியா முழுவதும். படம் யாருடையதானாலும், போட்டவள் நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை மட்டும் 57-ம் பிரிவின்படி போட்டவளிடமே இருக்குமாம்.

ஒரு படத்தின் விலை வேறு, அதை அச்சடிக்கும் உரிமையின் விலை வேறு. நம் பாட்டிமார் பூஜை அறையிலேயே இந்தப் பாடம் மாட்டியிருந்தது. ரவிவர்மா ராஜாக்களுக்கு ஓவியம் தீட்டினார். அதை ஓர் அரண்மனைதான் பார்க்கும். கும்பகோணத்துக்காரரான திவான் மாதவராவ், அவற்றை அச்சுப்படமாக்கலாமே என்று யோசனை சொன்னவர்களில் ஒருவர். 1894-ல் பம்பாயில் ரவிவர்மாவின் அச்சுக்கூடம் ஆரம்பமாயிற்று. லக்ஷ்மியும் சரஸ்வதியும் சாதாரண வீடுகளுக்கு வந்தார்கள். அந்தப் படங்களின் மேலேயே ஜரிகையும் ஜிகினாவும் வைத்துத் தைத்து, அம்மனுக்குப் புடவை கட்டி மாட்டிய பெண்களும் இருந்தார்கள். தையல்காரியானதால் எனக்கு அது தனிப் பெருமை. ஆனால் அச்சுக்கூடம் ரவிவர்மாவுக்குக் கடனைத்தான் கொடுத்தது. பிற்பாடு அதை ஒரு ஜெர்மானியருக்கு விற்றுவிட்டார். 1906-ல் அவர் காலமான பிறகும் அவர் படங்கள் அச்சாகிக்கொண்டே இருந்தன.

என் பெண் ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினாள். ஆறு படம், ஒன்றுக்கு 2,200, இந்த ஒரு தொழிற்சாலைச் சுவரில் ஒரு வருஷம் மாட்டிக்கொள்ளலாம், பதிப்புரிமை போட்டவளிடமே இருக்கும், காலண்டர், டைரி, பனியன் எல்லாவற்றுக்கும் தனியே பேச வேண்டும், மூலையில் அவள் பெயர் இருக்க வேண்டும். கடிதம் கண்டதும் கம்பெனியில் பதினொரு நாள் மௌனம். முன்பு சொன்னேனே இரண்டு நிமிஷ மௌனம், அது இதற்கு முன்னால் ஒன்றுமில்லை! அந்தப் பதினொரு நாளும் விடியற்காலையில் பஸ் ஹாரன் கேட்கும்போதெல்லாம் அவள் புரண்டு படுப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் அதிகாரி கூப்பிட்டார். "ஆறுக்கு எட்டாயிரம் தரேன், முடிச்சுக்கலாமா?" என்றார். "நாலு படம் போடறேன் சார். எட்டாயிரத்து எண்ணூறு" என்றாள் இவள். 'ஆனா' இல்லை. சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். காலண்டர் பேச்சை விட்டுவிட்டார்கள். கூந்தலை முடிந்துகொள்ளும் பெண்ணுக்கு நான்தான் மாதிரியாக உட்கார்ந்தேன். அதற்கு எனக்கு ஒன்றும் தரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

ஏப்ரலில் அதே கம்பெனியின் ஒரகடம் கிளையிலிருந்து, அந்த நான்கு படங்களையும் தங்கள் சுவரிலும் மாட்ட வேண்டும் என்று கேட்டார்கள். பாதி விலை, 4,400 ரூபாய். பென்சிலைத் தொடாமல் வந்த பணம். என் வீட்டுக்காரர் அதை இரண்டு தடவை எண்ணினார். "இது என்ன கணக்கு?" என்றார். "வாடகை, நைனா" என்றாள் அவள். தவணைப் பேச்சு அதன் பிறகு எழவில்லை. கம்பெனி பஸ் பேச்சு அவ்வப்போது எழுகிறது. நான்காம் வருஷம் முடிந்த பிறகு என்ன என்று அவர் கேட்பதும் நியாயம்தானே.

என் ரவிக்கை அட்டைக்குப் பக்கத்தில் இப்போது இன்னோர் அட்டை தொங்குகிறது. ஆனால் அட்டையில் அடங்காத சில படங்கள் வருகின்றன.

போன மாதம் ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். எழுபது வயதிருக்கும். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். கட்டை விரல் அளவு. ஈரம் பட்டு முகத்தில் பாதி அழிந்திருந்தது. அவருடைய கணவர், காலமாகி ஒன்பது வருஷம். "பெருசா ஒண்ணு எழுதிக் குடு கண்ணு. இந்தப் பக்கம் மச்சம் இருக்கும், நான் சொல்றேன்" என்றார்.

அழிந்த பாதியைப் பாட்டி சொல்லச் சொல்லப் போட வேண்டும். ஒன்பது மணி அல்ல, இருபது மணியானாலும் ஆகும். என் பெண் என்னைப் பார்த்தாள். சும்மா போட்டுக் கொடுத்துவிடு என்று நான் கண்ணால் சொன்னேன். என் கொள்கைப்படியே, முழு இனாமாக, தாம்பூலத்தோடு.

பாட்டி அதைப் பார்த்துவிட்டார். "சும்மா வேணாம்மா. அந்த ஆள் உசிரோட இருந்தப்பவே யார்கிட்டயும் சும்மா வாங்கினதில்லே. அட்டையிலே எம்மாம் போட்டிருக்கு, படி" என்றார்.

என் பெண் அட்டையில் இருந்த தொகையைப் படித்தாள். பாட்டி யோசித்தார். நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். "மூணு தவணையிலே தரேன்" என்றார்.

ஐந்து தடவை வந்து உட்கார்ந்து மச்சத்தையும் புருவத்தையும் சரி பார்த்தார். திருத்தம் இரண்டோடு நிற்கவில்லை. அதை இவள் நோட்டில் எழுதவும் இல்லை. படத்தைக் கொண்டு போய்விட்டார். இரண்டு தவணை வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் முருங்கைக்காய் ஒரு கட்டும் கொண்டுவருகிறார். அது கணக்கில் சேராது, தனி என்று அவரே சொல்லிவிட்டார்.